அடைக்கோழியைக் கையாளும் முறை: கடலூர், புதுச்சேரிப் பகுதியில் வீட்டுக்கோழி வளர்ப்போருக்கான முழுமையான வழிகாட்டி

ஐந்தாறு பெட்டைகளும் ஒரு சேவலும் வைத்திருக்கும் வீட்டில் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டால், இரண்டு நாட்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். நல்ல முட்டைகளாகப் பார்த்து முறையாக அடை வைப்பது ஒரு வழி. அடையைத் தெளிய வைத்து, கோழியை மீண்டும் முட்டையிடத் திருப்புவது மற்றொரு வழி. இரண்டையும் செய்யாமல் "அதுவாக எழுந்துவிடும்" என்று விட்டுவிடுவதே பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. அப்படி விடப்பட்ட கோழி வெறும் கூட்டில் வாரக்கணக்கில் உட்கார்ந்து உடல் இளைக்கிறது, மற்றக் கோழிகள் முட்டையிடும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, பேனைப் பெருக்குகிறது. குஞ்சும் கிடைப்பதில்லை, முட்டையும் கிடைப்பதில்லை. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கோழியின் விருப்பத்தைவிட மாதமே அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. கோடையில் வெக்கையும் ஐப்பசி, கார்த்திகையில் புயலும் வரும் இந்தக் கடற்கரையில் அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

அடைதானா என்று உறுதி செய்தல்

நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் பத்து முதல் பதினைந்து முட்டைகள் வரை இட்டு முடித்ததும் அதன் உடலில் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் உயர்கிறது. அது முட்டையிடுவதை நிறுத்தி, கோழியை உட்கார வைக்கிறது. அடிவயிற்றில் இறகு உதிர்ந்து தோல் வெளிப்படுவதும், அந்த இடம் கைக்குச் சூடாகத் தெரிவதும் இதனால்தான். முட்டையின் தொடுகையும் கூட்டின் இருட்டும் கதகதப்பும் இந்த நிலையைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடை வைப்பதற்கும் தெளிய வைப்பதற்கும் இதுவே அடிப்படை.

முட்டையிட வந்த கோழி அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் எழுந்து கொக்கரித்துக்கொண்டு வெளியே ஓடிவிடும். அடைக்கோழி எழாது. கையை நீட்டினால் உடலைத் தட்டையாகப் பரப்பி, கழுத்து இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, அடித்தொண்டையில் உறுமும். சில கோழிகள் கொத்தவும் செய்யும். நாளுக்கு ஒருமுறை வெளியே வந்து, "க்ளக், க்ளக்" என்று விட்டு விட்டுக் குரல் கொடுத்துக்கொண்டே அவசரமாகத் தின்று, வழக்கத்தைவிடப் பெரிய, கடும் நாற்றமுள்ள எச்சத்தை ஒரே இடத்தில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். இரவில் மற்றக் கோழிகள் பரண் ஏறிய பிறகும் கூட்டிலேயே இருக்கிறதா என்று இரண்டு இரவுகள் பார்த்தால் போதும், ஐயம் தீர்ந்துவிடும்.

எல்லா இனமும் அடை உட்காருவதில்லை. வெள்ளை லெக்ஹார்ன் போன்ற முட்டைக்கோழிகளிலும், வனராஜா, கிரிராஜா போன்ற கலப்பினங்களிலும் அந்தக் குணம் தேர்வு இனப்பெருக்கத்தால் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டது. கடக்நாத்தும் அடைக்கு நம்பத்தக்கதன்று. சிறுவிடைப் பெட்டைதான் இந்த வேலைக்கு ஏற்றது: உடல் எடை குறைவு, முட்டை மிதிபடுவதும் குறைவு, குஞ்சுகளைக் காப்பதில் கடுமை அதிகம். பெருவிடைப் பெட்டை நன்றாக உட்காரும் என்றாலும் அதன் எடையால் சில முட்டைகள் நொறுங்கும். முதன்முறை உட்காரும் விடைக்கோழிக்கு விலையுயர்ந்த முட்டைகளை வைக்க வேண்டாம். பாதியில் எழுந்துவிடுவது அவற்றிடையே சாதாரணம்.

மாதம் பார்த்து முடிவெடுத்தல்

அடை வைத்த நாளிலிருந்து 21 நாட்களில் குஞ்சு பொரிக்கும். பொரித்த பின் ஆறு வாரமாவது குஞ்சுகள் மழைக்கும் வெயிலுக்கும் தாங்காத நிலையில் இருக்கும். ஆகவே இன்றைய வானிலையைப் பார்த்து அடை வைக்கக்கூடாது; இன்றிலிருந்து மூன்று வாரம் முதல் ஒன்பது வாரம் வரையிலான காலம் எப்படி இருக்கும் என்பதையே பார்க்க வேண்டும்.

கடலூர், புதுச்சேரிப் பகுதியில் மார்கழிப் பிற்பகுதியிலிருந்து மாசி வரை அடை வைப்பது மிகச் சிறந்தது. மழை ஓய்ந்து, வெயில் ஏறாத காலம் அது. சம்பா அறுவடை நடப்பதால் புது வைக்கோல் கிடைக்கும், களத்தில் சிந்திய நெல்லும் பூச்சிகளும் தாய்க்கும் குஞ்சுக்கும் இரையாகும். பங்குனியில் வைக்கலாம், ஆனால் குஞ்சுகள் சித்திரை வெயிலில் வளர வேண்டியிருக்கும் என்பதால் நிழலும் தண்ணீரும் குறைவின்றி இருக்க வேண்டும்.

மே மாதத்து அக்னி நட்சத்திர நாட்களில் அடை வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கரையோரத்தில் பிற்பகலில் கடற்காற்று வந்து ஓரளவு காப்பாற்றும். பண்ருட்டி, விருத்தாசலம் போன்ற உட்பகுதிகளில் அந்த வசதியும் இல்லை. முட்டையின் உள்வெப்பம் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் காற்றே 40 டிகிரியைத் தாண்டும்போது கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும், எழுந்து எழுந்து உட்காரும். கரு வெக்கையாலேயே இறந்துபோகும். குளிரைவிட அதிக வெப்பம் கருவுக்கு ஆபத்தானது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

ஆடி, ஆவணியில் வைக்கலாம். புரட்டாசியில் வைத்தால் ஐப்பசியில் பொரிக்கும், அங்கேதான் சிக்கல். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த தரையில் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் எளிதில் வரும். ஓர் இரவு நனைந்தாலே விறைத்துச் செத்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையைத் தாக்கியதை மறந்தவர் இங்கு யாரும் இருக்க மாட்டார்கள். சிமெண்ட் தரையும் சாரல் அடிக்காத சுவரும் உள்ள அறை இருந்தால் மட்டுமே இந்த மாதங்களில் அடை வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்: தானே புயலுக்குப் பிறகு பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அத்தகைய நாட்களில் இன்குபேட்டரில் இருக்கும் முட்டைகள் வீண். உலர்ந்த மூலையில் உட்கார்ந்திருக்கும் கோழிக்கு மின்வெட்டு பொருட்டே இல்லை.

அடையைத் தெளிய வைத்தல்

காலம் சரியில்லை, அல்லது குஞ்சு வேண்டாம் என்று முடிவு செய்தால் அன்றே தொடங்க வேண்டும். உட்கார்ந்த முதல் இரண்டு நாட்களில் தொடங்கினால் மூன்று நான்கு நாட்களில் தெளிந்துவிடும். ஒரு வாரம் உட்கார்ந்த பிறகு தொடங்கினால் அதைவிட நீண்ட காலம் பிடிக்கும்.

மூக்குத் துளையில் இறகைச் செருகுவது, தண்ணீரில் முக்கி எடுப்பது, காலைக் கட்டி வெயிலில் போடுவது ஆகிய மூன்றும் ஊர்ப்புறத்தில் இன்றும் நடக்கின்றன. கோழிக்கு வேதனை தருவதைத் தவிர இவற்றால் நிச்சயமான பயன் இல்லை. மூக்கில் புண் ஏற்பட்டுச் சளி பிடித்த கோழி, அடை தெளிந்தாலும் முட்டைக்கு வர நாளாகும். அடிவயிற்றின் கதகதப்பையும் கூட்டின் இருட்டையும் நீக்குவதே உண்மையான மருந்து. அதற்குக் கம்பிவலை அடித்தளம் கொண்ட ஒரு கூண்டு போதும். கூண்டைச் செங்கற்கள் மீது ஓரடி உயரத்தில் வைத்து, உள்ளே வைக்கோலோ சாக்கோ போடாமல், தென்னை நிழலில், மற்றக் கோழிகள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் காற்று புகுந்துகொண்டே இருப்பதால் உடலின் சூடு தணியும். தீவனத்தையும் தண்ணீரையும் குறைக்கக் கூடாது. பட்டினி போட்டால் தெளியும் என்பது தவறு, பட்டினி கிடந்த கோழி முட்டைக்குத் திரும்பவே தாமதமாகும். இரவிலும் அந்தக் கூண்டிலேயே இருக்கட்டும், ஆனால் மரநாயும் நாயும் நெருங்காத இடமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பிற்பகலில் திறந்து விட்டுப் பார்க்க வேண்டும். நேராகப் பழைய கூட்டுக்கு ஓடினால் மேலும் இரண்டு நாட்கள் உள்ளே வைக்க வேண்டும். இறகு படிந்து, "க்ளக்" என்ற குரல் நின்று, மற்றவற்றோடு சேர்ந்து கிளறத் தொடங்கினால் தெளிந்துவிட்டது என்று பொருள். ஓரிரு வாரங்களில் கொண்டை சிவந்து மீண்டும் முட்டைக்கு வரும். இந்த நாட்களில் மற்றக் கோழிகள் இடும் முட்டைகளைக் காலையும் மாலையும் எடுத்துவிட வேண்டும். கூட்டில் சேர்ந்திருக்கும் முட்டையைப் பார்த்தே அடுத்த கோழிக்கும் அடை பிடிக்கும்.

முட்டைகளைத் தேர்ந்தெடுத்தல்

அடை வைப்பது என்று முடிவு செய்தால், கோழி கூட்டில் வைத்திருக்கும் முட்டைகளை அப்படியே விட்டுவிடக் கூடாது. அவற்றில் முதலில் இட்டது இரண்டு வாரத்துக்கு மேற்பட்டதாகவும் கடைசியில் இட்டது நேற்றையதாகவும் இருக்கும். வெப்பநிலை 20 முதல் 24 டிகிரியைத் தாண்டும்போதே கரு மிக மெதுவாக வளரத் தொடங்கிவிடும். நம் ஊரில் பகலில் வீட்டுக்குள்ளேயே அதைவிட அதிகச் சூடு இருக்கும். இப்படி அரைகுறையாக வளர்ந்து நின்ற கருக்கள் முதல் வாரத்திலேயே சாகும்.

குளிர்ந்த மாதங்களில் ஏழு நாட்களுக்கு உட்பட்ட முட்டைகளையும், வெயில் காலத்தில் நான்கைந்து நாட்களுக்கு உட்பட்டவற்றையும் மட்டும் எடுக்க வேண்டும். சேர்த்து வைப்பதற்குப் பழைய முறையே நல்லது: ஒரு மண்சட்டியை ஈரமணலில் பாதி புதைத்து, உள்ளே உலர்ந்த துணியோ உமியோ போட்டு, முட்டைகளைக் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, மேலே மெல்லிய பருத்தித் துணியால் மூடி, நிழலில் வைக்க வேண்டும். மணலில் நாளும் தண்ணீர் தெளித்து வந்தால் சட்டிக்குள் வெளியைவிடக் குளுமையாக இருக்கும். நாளுக்கு ஒருமுறை முட்டைகளைச் சாய்த்து வைப்பது நல்லது.

நடுத்தர அளவும் சீரான வடிவமும் உள்ள முட்டைகளாகப் பார்த்து எடுக்க வேண்டும். மிகப் பெரியவை, உருண்டையானவை, ஓடு மெலிந்தவை, மயிரிழை விரிசல் உள்ளவை வேண்டாம். இரண்டு முட்டைகளை ஒன்றோடொன்று மெல்லத் தட்டினால் விரிசல் உள்ளது மந்தமாக ஒலிக்கும். அழுக்கான முட்டையைக் கழுவி வைப்பதைவிட ஒதுக்கிவிடுவதே மேல். கழுவினால் ஓட்டின் மேல் உள்ள பாதுகாப்புப் படலம் போய், நுண்ணுயிர் உள்ளே புகும்.

சேவல் இல்லாத நகரத்து வீடுகளில் கருக்கூடிய முட்டைகளை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். கடையில் விற்கும் வெள்ளை முட்டைகள் சேவலே இல்லாத கூண்டுகளில் இடப்பட்டவை; அவற்றை எத்தனை நாள் அடை வைத்தாலும் கூமுட்டைதான் மிஞ்சும். எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்ற கணக்கில் வளர்ப்பவர்களிடம், இட்ட தேதியைக் கேட்டு வாங்க வேண்டும். பேருந்தில் கொண்டுவந்த முட்டைகளை ஒரு நாள் அசையாமல் வைத்திருந்துவிட்டு அடை வைப்பது நல்லது.

சிறுவிடைக்கு எட்டு முதல் பத்து, பெரிய கோழிக்குப் பன்னிரண்டு வரை வைக்கலாம். ஒற்றைப்படையாக வைக்க வேண்டும் என்ற வழக்கத்தைப் பின்பற்றினால் நட்டமில்லை. கோழி தன் இறகுக்கு வெளியே ஒரு முட்டையும் தெரியாமல் மூட முடிகிறதா என்பதே உண்மையான கணக்கு. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு சுற்றிப் போட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றக் கோழி புகுந்து இட்டுவிட்டுப் போன புது முட்டையை அடையாளம் காண வழியே இல்லை.

இடமும் கூடையும்

அடைக்கோழிக்கு மற்றக் கோழிகளிடமிருந்து தனியிடம் வேண்டும். மங்கலான வெளிச்சம், காற்றோட்டம், சாரல் படாமை, நடமாட்டம் இல்லாமை ஆகிய நான்கும் இருந்தால் சமையலறைப் பின்புறமோ மாடிப்படிக்கு அடியிலுள்ள இடமோ எதுவானாலும் போதும். சவுக்குக் கழி நட்டுக் கீற்று வேய்ந்த கொட்டகை இங்கு எளிதில் அமைக்கக் கூடியது, தகரத்தைவிடக் குளிர்ச்சியானதும்கூட. ஆனால் கீழே கீரியும் பெருச்சாளியும் நுழைய முடியாதபடி நெருக்கமான கம்பிவலை அடிக்க வேண்டும். முட்டைக்கு வரும் சாரைப்பாம்பு, விரல் அகல இடைவெளியிலும் புகுந்துவிடும்.

ஒன்றேகால் அடி அகலமும் அரையடி ஆழமும் உள்ள மூங்கில் கூடை அல்லது அகன்ற மண்சட்டி போதுமானது. அடியில் இரண்டு மூன்று அங்குலம் ஆற்று மணல் பரப்பி, நடுவில் சற்றே குழியாக்க வேண்டும். முட்டைகள் ஓரத்துக்கு உருளாமல் நடுவில் சேர்ந்திருக்க இந்தக் குழி உதவும். கடல் மணல் பக்கத்தில் கிடைக்கிறதென்று அள்ளிப் போட வேண்டாம்; அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மணலுக்கு மேல் நன்றாக உலர்ந்த வைக்கோலைக் கசக்கிப் பரப்ப வேண்டும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோல் குஞ்சுகளின் நுரையீரலைக் கெடுக்கும். மோந்து பார்த்தாலே தெரியும்.

கூடைக்குள் ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் போடும் வழக்கம் நம் பகுதியில் உண்டு. இடியால் முட்டை கெடாமல் இவை காக்கும் என்பது நம்பிக்கை. போடுவதால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் இடி மழை நாளில் முட்டையைக் கெடுப்பது பெரும்பாலும் ஒழுகும் கூரையும், மிரண்டு எழுந்து ஓடிய கோழியும்தான். கரியைப் போட்ட கையோடு கூரையையும் பார்த்துவிட வேண்டும்.

எறும்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஓடு விரிசல் விட்டுக் குஞ்சு மூக்கை நீட்டும் நேரத்தில் செவ்வெறும்பு ஏறினால் ஒரே இரவில் அத்தனையும் போய்விடும். கூடையைத் தரையில் வைக்காமல் ஒரு தாழ்ந்த ஸ்டூலின் மேல் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவது நிச்சயமான பாதுகாப்பு. சாம்பலும் மஞ்சள்தூளும் சுற்றிலும் தூவுவது ஓரளவுக்கே உதவும்; ஈரமானால் பயனில்லை. ஸ்டூலில் வைத்தால் பொரித்த அன்றே கூடையைத் தரைக்கு இறக்கிவிட வேண்டும், குஞ்சுகள் விழுந்துவிடும்.

பேன் நீக்கி அடை வைத்தல்

21 நாட்கள் அசையாமல் உட்காரும் கோழியின் உடலில் பேன் பல மடங்கு பெருகும். கடி தாங்காமல் பாதியில் எழும் கோழிகள் ஏராளம். ஆகவே அடை வைப்பதற்கு முன் இறக்கைக்கு அடியிலும், ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பார்க்க வேண்டும். இறகின் அடித்தண்டில் வெண்மையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பவை பேன் முட்டைகள். சலித்த விறகுச் சாம்பலை அந்த இடங்களில் தேய்த்துவிட்டு, கூடையில் வைக்கோலுக்கு அடியில் உலர்ந்த வேப்பிலை, நொச்சித் தழை ஆகியவற்றைப் போடலாம். பேன் மிகுதியாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்துப்பொடி போட வேண்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழி மீது தெளிப்பது உயிருக்கே ஆபத்து.

கோழியை இடம் மாற்றுவதும் முட்டை வைப்பதும் இருட்டிய பிறகே நடக்க வேண்டும். பகலில் மாற்றினால் பழைய கூட்டைத் தேடி ஓடும். முதலில் புதுக் கூடையில் இரண்டு மூன்று வீணான முட்டைகளை வைத்து, கோழியை இருட்டில் தூக்கிவந்து மெல்ல இறக்கி, பஞ்சாரத்தால் மூடிவிட வேண்டும். தூக்கும்போது இரு இறக்கைகளையும் சற்றே உயர்த்திப் பார்க்க வேண்டும். இறக்கைக்கும் விலாவுக்கும் நடுவே முட்டை ஒட்டிக்கொண்டிருந்து, தூக்கியதும் கீழே விழுந்து உடைவது வழக்கம். இரண்டு நாட்கள் புது இடத்தில் நிலைத்து உட்கார்ந்தால், மூன்றாம் நாள் இரவு அந்த முட்டைகளை எடுத்துவிட்டு, தேர்ந்தெடுத்த முட்டைகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் வைக்க வேண்டும். இன்று ஐந்து, நாளை மூன்று என்று வைத்தால் முதல் குஞ்சுகள் பொரித்ததும் தாய் எழுந்துவிடும், மீதி வீணாகும். வைத்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கோழிகள் ஒரே வாரத்தில் அடைக்கு வந்தால் இரண்டுக்கும் ஒரே இரவில் முட்டை வைப்பது கெட்டிக்காரத்தனம். பொரிப்பு குறைந்தால் எல்லாக் குஞ்சுகளையும் ஒரு தாயிடம் சேர்த்துவிட்டு, மற்றதை முட்டைக்குத் திருப்பலாம். ஒரே கூடையில் மட்டும் இரண்டையும் உட்கார விடக்கூடாது.

இருபத்தொரு நாட்கள்

இந்த நாட்களில் நாம் செய்ய வேண்டியது குறைவு. கோழியே முட்டைகளை ஒரு நாளில் பலமுறை புரட்டும். ஓரத்து முட்டையை நடுவுக்கு இழுக்கும். கம்பு, சோளம், நெல் ஆகிய தானியங்களும் சுத்தமான தண்ணீரும் கூடையிலிருந்து நான்கடி தள்ளி இருக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் எழாமலேயே தின்று, கூட்டிலேயே எச்சமிடும். காலையில் பதினைந்து, இருபது நிமிடங்கள் வெளியே வந்து தின்று, சாம்பல் குழியில் புரண்டுவிட்டுத் திரும்புவது நல்ல கோழியின் வழக்கம். எழவே மறுக்கும் கோழியை நாளுக்கு ஒருமுறை நாமே தூக்கி வெளியே விட வேண்டும். அரை மணி, ஒரு மணி நேரம் தாமதித்துத் திரும்பினாலும் நம் ஊர் வெப்பத்தில் முட்டை கெட்டுவிடாது. பதற்றத்தில் பிடித்து அமுக்கினால்தான் முட்டை உடையும்.

ஏழாம் நாள் இரவு முட்டைகளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். செல்போன் டார்ச்சின் மேல், நடுவில் சிறு துளையிட்ட அட்டையை வைத்து, முட்டையின் அகன்ற முனையை அந்தத் துளையில் பொருத்தி, அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். கரு வளரும் முட்டையில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து எல்லாப் பக்கமும் கிளைவிட்டு ஓடும் சிவந்த நரம்புகளும் சிலந்தியின் கால்களைப் போலத் தெரியும். சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் அந்தப் புள்ளி துடிப்பதையும் காணலாம். ஒன்றுமில்லாமல் மஞ்சள் ஒளியாக மட்டும் தெரிவது கருக்கூடாதது. நரம்பின்றி ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு தொடக்கத்திலேயே இறந்துவிட்டது. இரண்டையும் நீக்கிவிட வேண்டும். ஐயமாக இருப்பதைப் பதினான்காம் நாள் மீண்டும் பார்க்கலாம். அப்போது அகன்ற முனையிலுள்ள காற்றறையைத் தவிர மற்ற இடமெல்லாம் இருண்டிருக்க வேண்டும். செத்த முட்டையை விட்டுவைத்தால் அழுகி வெடித்து, நல்ல முட்டைகளையும் நாசமாக்கும்.

நடுவில் உடைந்த முட்டையின் கரு மற்றவற்றில் பட்டிருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, நனைந்த வைக்கோலையும் மாற்ற வேண்டும்.

பொரிக்கும் நாள்

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டைகளைத் தொடவே கூடாது. குஞ்சு ஓட்டை உடைக்க ஏதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கும் நேரம் அது. கரையோரக் காற்றில் ஈரப்பதம் போதுமானது. உட்பகுதியில், காற்று வறண்ட நாட்களில் மட்டும் கூடையைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளிக்கலாம். முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்ப்பதைத் தவிர்ப்பதே நல்லது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் உள்ளிருக்கும் குஞ்சு மூழ்கிவிடும்.

முதல் கீறல் விழுந்த பிறகு குஞ்சு வெளிவர அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஆகலாம். அந்த நேரத்தில்தான் இரத்தக்குழாய்கள் வற்றுகின்றன, எஞ்சிய மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. நாம் ஓட்டை உரித்து "உதவி" செய்தால் இரத்தம் கசிந்து குஞ்சு சாகும். உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாட்களுக்குக் குஞ்சைத் தாங்கும் என்பதால் தீவனம் வைக்க அவசரப்பட வேண்டியதில்லை. காலி ஓடுகளை மட்டும் எடுத்துவிட்டு, தாயோடு விட்டுவிட வேண்டும். இருபத்திரண்டாம் நாள் முடியும் வரை மீதி முட்டைகளுக்காகப் பொறுக்கலாம். அதற்குப் பிறகு அவற்றைக் குழி தோண்டிப் புதைத்து, வைக்கோலை எரித்து, கூடையை நல்ல வெயிலில் காயப்போட வேண்டும்.

தாயும் குஞ்சுகளும்

முதல் நாள் கொதித்து ஆறிய தண்ணீரில் சிறிது வெல்லம் கரைத்து, ஆழமில்லாத தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வைக்க வேண்டும். கல் இல்லாத தட்டில் குஞ்சு நனைந்தோ மூழ்கியோ போவது அடிக்கடி நடப்பது. முதல் வாரம் நொய்யரிசியும் உடைத்த கம்பும் மட்டும் போட்டால் வயிறு நிறையும், வளர்ச்சி இருக்காது. குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 20 சதவீதம் புரதமுள்ள தீவனம் தேவை. குஞ்சுத் தீவனம் வாங்க முடியாதவர்களுக்குக் கரையான் நல்ல மாற்று. ஒரு பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலைக்குள் கரையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுவதற்கு முன் பானையைத் திருப்பித் தாயின் முன்னால் உதறினால், அதுவே ஒவ்வொன்றாகக் கொத்திக் காட்டிக் குஞ்சுகளைப் பழக்கும்.

முதல் பத்து நாட்கள் தாயைப் பஞ்சாரத்துக்குள் வைத்து, குஞ்சுகள் மட்டும் உள்ளேயும் வெளியேயும் போய்வரும்படி விடுவது, காக்கைக்கும் பருந்துக்கும் குஞ்சுகளைப் பறிகொடுக்காமல் காக்கும். அதன்பின் பனி உலர்ந்த பிறகு அவிழ்த்துவிட்டு, நான்கு மணிக்குள் அடைத்துவிடலாம்.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து கட்டாயம். ஏழாம் நாள் எஃப்1 மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். நான்காம் வாரத்தில் லசோட்டா, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. இங்கே சிறு வளர்ப்பாளருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: மருந்துக் குப்பி நூறு கோழிகளுக்கும் மேற்பட்ட அளவில் வரும், கரைத்த பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். பத்துக் குஞ்சுக்கு ஒரு குப்பியா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே தெருவில் நான்கைந்து வீட்டார் பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் அடை வைத்தால், ஒரு குப்பியில் எல்லோருக்கும் முடிந்துவிடும். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்திலும், புதுச்சேரியில் இருப்பவர்கள் குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனத்திலும் ஆலோசனை பெறலாம்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் தாய் குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கும். அதற்கு முன்பே குஞ்சுகளுக்கு இறகு முழுவதும் முளைத்திருந்தால் ஐந்தாம் வாரத்தில் பிரித்துவிடலாம். மழைக்காலமானால் பிரிப்பதைத் தள்ளிப்போடுவது நல்லது. குஞ்சுகளை அவை பழகிய இடத்திலேயே விட்டுவிட்டுத் தாயை மட்டும் வேறிடத்துக்கு மாற்றினால் இரண்டுக்கும் ஏக்கம் குறையும். மெலிந்த தாய்க்குக் கம்போடு சிறிது கடலைப் புண்ணாக்கும், உடைத்த கிளிஞ்சல் தூளும் சேர்த்துக் கொடுத்தால் சில வாரங்களில் அடுத்த ஈட்டுக்கு வந்துவிடும். அந்த ஈட்டின் முடிவில் மறுபடியும் அடைக்கு உட்கார்ந்தால், உடல் தேறியிருக்கிறதா என்று நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும். எலும்பு கத்தி போல் கையில் குத்தினால், மாதம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த முறை தெளிய வைத்துவிட்டு, முட்டைகளை வேறொரு கோழிக்கு வைக்க வேண்டும்.